பாலிமர் சான்றிதழ்ப் படிப்பு: சேரும் முன்பும் ஆய்வகத்திலும் எழும் கேள்விகள்

கேள்வி: சார், பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். பாலிமர் சான்றிதழ்ப் படிப்பில் சேர ஆசை. எதைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுப்பது? (விருதுநகர்)

பதில்: பாடத்திட்டத்தைப் பார்க்கும் முன் ஆய்வகத்தைப் பாருங்கள். எம்.எஃப்.ஐ. கருவி (உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்று அளப்பது), டி.எஸ்.சி. (சூடாக்கும்போது பொருள் வாங்கும், விடும் வெப்பத்தை அளப்பது), இழுவிசைச் சோதனை எந்திரம், ஓர் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் எந்திரம் (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்துவது), ரப்பர் பக்கம் போவதென்றால் இரட்டை உருளை மில், இவை ஓடுகின்றனவா என்று நேரில் போய்க் கேளுங்கள். ஒரு எந்திரத்துக்கு எத்தனை பேர் என்பதையும் கேட்டே ஆக வேண்டும். இருபது பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் செய்முறை வகுப்பால் பயன் இல்லை.

கிண்டியில் 1968-ல் தொடங்கிய சிப்பெட் (மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம்), அறிவியல் பட்டதாரிகளுக்குப் பதப்படுத்தலும் சோதனையும் சேர்ந்த இரண்டாண்டு முதுநிலை டிப்ளமோவை நடத்துகிறது. ஆலை வேலைதான் குறி என்றால் அதையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள். ஆராய்ச்சிதான் ஆசை என்றால் எம்.எஸ்சி.யே சரி.

கேள்வி: ஐயா, முதல் பாடத்திலேயே கரோத்தர்ஸ் சமன்பாடு வருகிறது. வினை 95 சதவீதம் முடிந்தால் போதாதா? ஏன் 99-க்கு மேல் போகச் சொல்கிறார்கள்?

பதில்: பாலிமர் சங்கிலியின் சராசரி நீளம் 1/(1−p). இங்கே p என்பது வினை முடிந்த பங்கு; இதுதான் அந்தச் சமன்பாடு. வினை 90 சதவீதம் முடிந்தால் சங்கிலியில் 10 அலகுகள், 95-ல் 20, 99-ல் 100, 99.5-ல் 200. சாதாரண வேதியியலில் 95 சதவீத விளைச்சல் நல்ல மதிப்பெண் வாங்கித் தரும். நைலானிலும் பெட்டிலும் (PET, தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்) 20 அலகுச் சங்கிலி கையில் பிடித்தாலே பொடிந்துவிடும். இரண்டு மூலப்பொருளும் சமமோலில் இருக்க வேண்டும், வெளிவரும் நீரையோ எத்திலீன் கிளைக்காலையோ வெற்றிடம் வைத்து இழுக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீனுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே ஒவ்வொரு சங்கிலியும் தொடங்கிய சிறிது நேரத்திலேயே முழு நீளத்துக்கு வளர்ந்துவிடும்.

இதை மனதில் வையுங்கள்: தயாரிக்கும்போது துரத்திய நீர், உருக்கும்போது குருணையோடு (எந்திரத்தில் போடும் பிளாஸ்டிக் மணிகள்) திரும்பி வந்தால் அதே வினை பின்னோக்கி ஓடும். ஒரு நீர் மூலக்கூறு ஓர் எஸ்டர் பிணைப்பை அறுக்கும். அதனால்தான் பெட் குருணையின் ஈரம் 50 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கீழே இருக்க வேண்டும்.

கேள்வி: ஓசூரில் மோல்டிங் ஷாப்பில் வேலை, மாலையில் படிப்பு. பாலிகார்பனேட் உறையில் வெள்ளிக் கோடு விழுகிறது, திருகு போடும் இடத்தில் வெடிக்கிறது. ஹாப்பர் டிரையரில் (குருணையை உலர்த்தி எந்திரத்துக்கு விடும் தொட்டி) 120 டிகிரி காட்டுகிறது. ஒரு ஷாட் (ஒரு முறை அச்சில் செலுத்துவது) 60 கிராம், சைக்கிள் (ஒரு சுற்று) 40 விநாடி, ஹாப்பர் 12 கிலோ.

பதில்: நீங்கள் கொடுத்த எண்ணிலேயே விடை இருக்கிறது. மணிக்கு 90 ஷாட், அதாவது 5.4 கிலோ குருணை போகிறது. 12 கிலோ ஹாப்பரில் ஒரு குருணை தங்குவது சுமார் இரண்டே கால் மணி நேரம். பாலிகார்பனேட்டுக்கு 120 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம் வேண்டும், ஈரம் 0.02 சதவீதத்துக்குக் கீழே இறங்க வேண்டும். நான்கு மணிக்குக் கணக்குப் போட்டால் 21.6 கிலோ. ஆகவே 25 கிலோ ஹாப்பர் வையுங்கள், அல்லது தனி ஓவனில் முன்னுலர்த்திச் சூடு ஆறாமல் கொட்டுங்கள்.

அடுத்தது காற்று. வெளிக்காற்றைச் சுடவைத்து ஊதும் டிரையர் மழைக்காலத்தில் ஏமாற்றும். ஈரம் நீக்கிய காற்று, பனிநிலை (காற்றின் ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை) −30 டிகிரிக்குக் கீழே, அதுதான் நம்பத் தகுந்தது.

கோடு மறைந்தாலே பொருள் நல்லது என்று எண்ண வேண்டாம். கோடு தெரியாத அளவு ஈரமும் சங்கிலியை அறுக்கும். குருணையையும், மோல்டு செய்த உறையை வெட்டி உலர்த்திய துண்டுகளையும் 300 டிகிரி, 1.2 கிலோ எடையில் எம்.எஃப்.ஐ. பாருங்கள். உறையின் மதிப்பு குருணையைவிட வெகுவாக ஏறியிருந்தால் சங்கிலி அறுந்துவிட்டது. அறுந்ததை மறுபடி அரைத்துப் போட்டால் அது மறுபடி சேராது. அந்த ரன்னர்களை (உருகல் அச்சுக்குள் ஓடும் வழியில் உறைந்து நிற்கும் தண்டுகள்) நல்ல சரக்கில் கலக்காதீர்கள்.

கேள்வி: சொல்லிக்கொடுத்தபடிதான் எம்.எஃப்.ஐ. செய்கிறேன், பாலிபுரோப்பிலீன் 230 டிகிரி, 2.16 கிலோ. வெளிவரும் இழையின் மூன்று வெட்டும் மூன்று எடை காட்டுகிறது.

பதில்: பெரும்பாலும் சிக்கிய காற்றுதான். குருணையை ஒரே மூச்சில் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் கம்பியால் அழுத்தி, ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். வெட்டிய இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குமிழி தெரிந்தால் அந்த வெட்டைத் தூக்கிப் போடுங்கள். பிஸ்டனில் உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையில் வெட்டியது மட்டுமே கணக்கு.

டையின் துளை 2.095 மில்லிமீட்டர். கருகிய படலம் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் எண் இறங்கும். சூடாக இருக்கும்போதே துடைத்து, அளவுகோல் ஊசியால் சோதியுங்கள். 30 விநாடி வெட்டு 0.35 கிராம் என்றால் 0.35 × 600 ÷ 30 = 7.0 கிராம்/10 நிமிடம்.

கேள்வி: டி.எஸ்.சி.யில் ஒரே மாதிரியை ஏன் இரண்டு முறை சூடாக்குகிறோம்?

பதில்: முதல் சூட்டில் தெரிவது அந்தத் துண்டு எப்படி மோல்டு ஆனது, எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது என்ற வரலாறு. உருக்கி, சீராகக் குளிரவைத்து, இரண்டாம் முறை சூடாக்கும்போது தெரிவது பொருளின் இயல்பு. தயாரிப்பில் பழுது தேடுகிறீர்களா, முதல் சூட்டைப் படியுங்கள். இரண்டு கம்பெனிக் குருணையை ஒப்பிடுகிறீர்களா, இரண்டாவதைப் படியுங்கள்.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது பெட் முன்வடிவில் (பாட்டிலாக ஊதும் முன் மோல்டு செய்யும் குழாய்). உருகல் வெப்பம் 45 ஜூல்/கிராம் வந்தது, முழுப்படிகத்துக்கு 140, ஆகவே 32 சதவீதம் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் சூடாக்கும் வழியிலேயே 30 ஜூல் அளவு புதிதாகப் படிகமாகியிருக்கும். அதைக் கழித்தால் 15/140, கிட்டத்தட்ட 11 சதவீதம்தான்.

கேள்வி: மோல்டிங்கில் ஹோல்டிங் நேரம் (அச்சு நிரம்பிய பின் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் நேரம்) எவ்வளவு வைக்க வேண்டும்? ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

பதில்: யாரையும் கேட்க வேண்டாம், தராசைக் கேளுங்கள். 2 விநாடியில் தொடங்கி ஒவ்வொரு விநாடியாகக் கூட்டி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஷாட் எடுத்து, ரன்னரை நீக்கி எடை போடுங்கள். 41.2, 41.6, 41.9, 42.0, 42.0 என்று வந்தால் 5 விநாடியில் கேட் (உருகல் அச்சுக்குள் நுழையும் வாய்) உறைந்துவிட்டது என்று பொருள். 6 விநாடி வையுங்கள். கூட்டிய நேரத்தைக் குளிர்விப்பில் கழித்தால் சைக்கிள் நீளாது. கேட் உறையும் முன் அழுத்தத்தை விட்டால் உருகல் பின்வாங்கும், தடித்த இடத்தில் குழி விழும்.

கேள்வி: ஒரே எந்திரத்தில் பி.வி.சி. ஓட்டிவிட்டு அசிட்டால் பிளாஸ்டிக் போடலாமா?

பதில்: நேராகக் கூடாது. பி.வி.சி. விடும் ஹைட்ரஜன் குளோரைடு அசிட்டாலைச் சிதைத்து ஃபார்மால்டிஹைடு வாயுவைக் கிளப்பும், பாரலில் (உருக்கும் உருளை) அழுத்தம் ஏறி நாசில் (அதன் முனை) வழியே பீச்சியடிக்கும். நடுவில் பாலிஎத்திலீன் போட்டு, தடயமே இல்லாத அளவுக்குக் கழுவித் தள்ளுங்கள். நெடி வந்துவிட்டால் சூட்டைக் குறைத்து, பாரலைப் பின்னுக்கு இழுத்து, உருகலைத் தண்ணீர் வாளியில் தள்ளுங்கள். நாசிலுக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது.