டம்ளர் நிறையப் பனி, உருகினால் எவ்வளவு தண்ணீர்?

கேள்வி: என் எட்டு வயது மகள் பள்ளிச் செய்முறைக்காகக் கண்ணாடி டம்ளரில் பனியை நிரப்பி உருகவிட்டாள். டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வந்தது. பள்ளி கொடுத்த தாளில் ‘பத்தில் ஒரு பங்கு’ என்று விடை இருக்கிறது. எங்கே தவறினோம்? பரிசோதனைப் பெட்டி வாங்கிவிடலாமா?

பதில்: உங்கள் மகள் எங்கும் தவறவில்லை. பெட்டியும் வேண்டாம்.

பனி என்பது சின்னச் சின்னப் பனிக்கட்டிப் படிகங்களின் குவியல். படிகங்களுக்கு நடுவே நிறையக் காற்று இருக்கிறது. உருகும்போது அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது, தண்ணீர் மட்டும் தங்குகிறது. பத்தில் ஒரு பங்கு என்பது புதிதாக விழுந்த, யாரும் அழுத்தாத பனிக்கு உத்தேசக் கணக்கு. மிகக் குளிரில் விழும் பொடிப்பனியில் இருபதில் ஒரு பங்குகூட வராமல் போகலாம். ஈரப்பனி என்றால் ஐந்தில் ஒரு பங்கு வரும். சில நாள் தரையில் கிடந்து இறுகிய பனியோ, பிள்ளைகள் ஆசையாகக் கையால் அழுத்தி நிரப்பிய பனியோ மூன்றில் ஒரு பங்கு தருவது இயல்பு. எட்டு வயதுக் குழந்தை டம்ளரை நிரப்பினால் அழுத்தாமலா நிரப்பும்? இதையெல்லாம் கேட்காமல் ஒரே எண்ணை அச்சடித்து, அதற்கு மட்டும் மதிப்பெண் போடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணால் கண்டதை அழித்துவிட்டு அச்சிட்டதை எழுதக் குழந்தை பழகிவிடுகிறது.

மறுபடி செய்யுங்கள். ஒரே அளவான இரண்டு டம்ளர்கள். ஒன்றில் பனியைத் தளர்வாக நிரப்புங்கள், மற்றொன்றில் அழுத்தி நிரப்புங்கள். தண்ணீர் எதுவரை நிற்கும் என்று மகளையே முன்கூட்டி கோடு போடச் சொல்லுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் உருகும் முன்பும் பின்பும் எடை பாருங்கள், மாறாது. டம்ளரின் வெளிப்புறம் வியர்த்திருந்தால் மட்டும் துடைத்துவிட்டு நிறுங்கள்.

இனிப் பெட்டி. ‘உடனடிப் பனி’ என்று விற்பது பெரும்பாலும் தண்ணீரை உறிஞ்சி ஊதிப் பெருகும் பிளாஸ்டிக் வகைப் பொடி, குழந்தை அணையாடையில் இருக்கும் அதே வகை. அது பனியைப் போல உருகாது. உருகுவதைக் காட்டும் பரிசோதனைக்கு உருகாத பொருளை விற்கிறார்கள்! பள்ளி வாசலிலேயே வைத்து விற்றாலும் வாங்காதீர்கள்.

அந்தப் பெட்டிகள் சிலவற்றில் உப்பும் சேர்த்துக் கொடுப்பார்கள். பனியில் உப்பு கலந்தால் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கக்கூடும். அந்தக் கலவையைக் கையில் வைத்திருந்தால் தோல் உறைந்து புண்ணாகிவிடும். விளையாட்டாகக்கூட விடாதீர்கள்.

உருகிய நீரை வெள்ளைத் துணியில் வடித்து அழுக்கைக் காட்டுங்கள். குடிக்க மட்டும் கொடுக்காதீர்கள்.

தாளில் ‘மூன்றில் ஒரு பங்கு, பனியை அழுத்தி நிரப்பினேன்’ என்றே மகள் எழுதட்டும். மதிப்பெண் குறைத்தால் இரண்டு டம்ளர்களோடு நீங்களே ஆசிரியரைப் போய்ப் பாருங்கள்.