மணல் குழியே இல்லாமல் நன்றாக அமைந்த கோல்ஃப் ஹோல் ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. ஹோல் என்றால், முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து பந்து விழ வேண்டிய சின்னக் குழி வரையிலான ஒரு பகுதி. நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை, ஆனால் யார் கேட்டாலும் முதலில் சொல்வது ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸின் 18-வது ஹோலைத்தான். அந்த மைதானத்தில் நூறுக்கு மேல் மணல் குழிகள், அதாவது பங்கர்கள் உண்டு. முதல் ஹோலிலும் கடைசி ஹோலிலும் மட்டும் ஒன்றுகூடக் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பொதுவாக ஆட்டம் இல்லை. ஊர்க்காரர்கள் நாயோடு நடக்க வருவார்கள். எடின்பரோவில் இருந்தபோது ஒரு ஞாயிறு, லூக்கர்ஸ் வரை ரயிலிலும் அங்கிருந்து பஸ்ஸிலும் போனேன். 18-வது கிரீனுக்கு, அதாவது பந்து விழ வேண்டிய குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, முன்னால் 'பாவப் பள்ளத்தாக்கு' என்று ஒரு பள்ளம். பெயரைப் பார்த்து என்னவோ ஏதோ என்று போனால், சும்மா புல் முளைத்த ஒரு தாழ்வு! ஆனால் அதில் இறங்கி நின்றால் கிரீன் மேலே ஏறிப் போய்விடுகிறது. ஒரு சிறுவன் டென்னிஸ் பந்தை மேட்டை நோக்கி உருட்டிக்கொண்டிருந்தான். பாதி ஏறிவிட்டு, யோசிப்பது போல் ஒரு கணம் நின்று, அவன் காலடிக்கே திரும்பி வந்தது.

1995 பிரிட்டிஷ் ஓப்பனில் இத்தாலிக்காரர் கோஸ்டான்டினோ ரோக்காவுக்கு இதேதான் நடந்தது. ஜான் டேலியைச் சமன் செய்ய அந்த ஹோலை மூன்றே அடியில் முடிக்க வேண்டும். முதல் அடி கிரீன் அருகே விழுந்தது. அடுத்து பந்தைக் கொஞ்சம் தூக்கிப் போடும் சிப் அடி சொதப்பி, பந்து பள்ளத்துக்குள் உருண்டது. அங்கிருந்து பட்டரால், அதாவது பந்தை உருட்டிவிடும் மட்டையால், உருட்டியே ஹோலின் குழிக்குள் போட்டுவிட்டு, தரையில் குப்புற விழுந்து கையால் புல்லைக் குத்தினார். அப்புறம் சமனை முறிக்க ஆடிய பிளேஆஃபில் டேலி ஜெயித்தது வேறு கதை.

மணலில் விழுந்தால் பெரும்பாலும் வழி ஒன்றுதான், வெளியே தூக்கிப் போட வேண்டும். இந்தப் பள்ளத்தில் உருட்டலாமா, தட்டிவிடலாமா, தூக்கிப் போடலாமா என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். எனக்கு அதுதான் பிடித்தது.

முதல் ஹோலுக்குக் காவல் கிரீனை ஒட்டி ஓடும் ஸ்வில்கன் ஓடை. முதலும் பதினெட்டும் ஒரே ஃபேர்வேயை, அதாவது கிரீன் வரை போகும் வெட்டிய புல்வெளியைப், பகிர்ந்துகொள்வதால் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம் போல அகலம். அதே 1995-இல் இயன் பேக்கர்-ஃபிஞ்ச் அவ்வளவு அகலத்தையும் தாண்டி இடது எல்லைக்கு வெளியே அடித்தார். நான்கு வருடம் முன்பு இதே போட்டியை வென்றவர், பாவம்.

அமெரிக்காவில் என்றால் அகஸ்டா நேஷனலின் 14. அந்த மைதானத்தில் பங்கர் இல்லாத ஒரே ஹோல் அதுதான். இடமிருந்து வலமாகச் சரியும் கிரீனே போதும், பந்து தப்பான இடத்தில் இறங்கினால் மூன்று பட் (கிரீனிலேயே மூன்று முறை உருட்டுவது) சர்வ சாதாரணம்.

ஒரு மைதானம் முழுக்கவே பங்கர் இல்லாமல் வேண்டுமா? இங்கிலாந்தில் ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்ட் இருக்கிறது. வன நிலத்துக்கான கட்டுப்பாடுகளால் அங்கே மணல் குழி தோண்டவே விடவில்லை. மணலுக்குப் பதில் ஹெதர் புதர். அதில் போன பந்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும், அடிப்பதெல்லாம் அப்புறம்.