குண்டலுப்பேட்டைக்கு அப்பால்: காட்டுச் சாலைப் பயணம் பற்றிய வாசகர் கேள்விகள்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே, பெங்களூரிலிருந்து காரில் ஊட்டிக்கும் கோவைக்கும் வயநாட்டுக்கும் புறப்படும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து எனக்குக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வந்தவற்றில், சாலையில் வனவிலங்குகள்மீது மோதாமல் செல்வதைப் பற்றியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்கு அலுவலகத்திலிருந்து நேராகக் கிளம்பினால், கேட் மூடுவதற்குள் பந்திப்பூரைக் கடந்து ஊட்டிக்குப் போய்விடலாமா? (அல்சூர் வாசகர்)

நெரிசல் இல்லாவிட்டால் கணக்குச் சரியாக வரலாம். ஆனாலும் அந்தத் திட்டத்தைக் கைவிடுமாறே சொல்வேன். பந்திப்பூர் வழியாக ஊட்டிக்குச் செல்லும் சாலையிலும் சுல்தான் பத்தேரிக்குச் செல்லும் சாலையிலும் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. ஆம்புலன்சுகளுக்கும் குறிப்பிட்ட சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு உண்டு. பெங்களூரிலிருந்து குண்டலுப்பேட்டை ஏறக்குறைய 200 கிலோமீட்டர் என்பதால், மாலையில் கிளம்புகிறவர் 9 மணிக்குச் சற்று முன்னதாக, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அங்கே வந்து சேர்கிறார். அதன்பின் மாநில எல்லையிலுள்ள கக்கநல்லாவைத் தாண்டி முதுமலைக்குள் நுழையும்வரை, மூடப்போகும் கேட்டை எண்ணியே ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார்.

அந்தி சாயத் தொடங்கியதிலிருந்தே புள்ளிமான்கள் கூட்டமாகச் சாலையோரத்துக்கு வருகின்றன. தொலைவிலேயே விலங்கு தெரியட்டும் என்று வனத்துறை சாலையின் இருபுறமும் புதர்களை வெட்டி வைக்கிறது. வெட்டிய இடத்தில் முளைக்கும் இளம்புல்லே மானை இழுத்து வந்துவிடுவதும் உண்டு. ஆகவே இரவை மைசூரிலோ குண்டலுப்பேட்டையிலோ கழித்துவிட்டு, மறுநாள் நன்றாக விடிந்தபின் காட்டுக்குள் செல்லுங்கள். அதிகாலையும் விலங்கு நடமாடும் வேளைதான் என்பதால், 6 மணிக்குக் கேட் திறந்ததும் பாய்வதைவிட 7 மணிக்கு மேல் நுழைவது நல்லது. இளவயதில் அந்த வரிசையில் முதல் வண்டியாக நின்று பெருமைப்பட்டவன் நான். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

காரில் சக்தி வாய்ந்த எல்இடி விளக்குகளைக் கூடுதலாகப் பொருத்தியிருக்கிறேன். இனி 80-இல் போகலாம்தானே? (ராமமூர்த்தி நகர் வாசகர்)

போகக் கூடாது. காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். விலங்கைக் கண்டு மூளை உணர்ந்து கால் பிரேக்கில் விழுவதற்குச் சராசரி ஓட்டுநருக்கு ஒன்றரை விநாடி ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒன்றரை விநாடிக்குள்ளேயே கார் 33 மீட்டர் ஓடிவிடும். உலர்ந்த தார்ச்சாலையில் முழு பிரேக் போட்டு நிற்க மேலும் சுமார் 35 மீட்டர் வேண்டும். 60-இல் மொத்தம் ஏறத்தாழ 45 மீட்டரும், 40-இல் ஏறத்தாழ 25 மீட்டரும் போதும். லோ பீம் வெளிச்சம் பயன்படும்படி எட்டுவது பெரும்பாலும் 40 முதல் 60 மீட்டர்வரைதான் என்பதால், 80-இல் செல்கிறவர் தன் கண்ணுக்கு எட்டாத இடத்தை நோக்கி ஓட்டிக்கொண்டிருக்கிறார். சாலை நனைந்திருந்தால் இந்தத் தூரங்கள் இன்னும் நீளும்.

ஹை பீம் தொலைவைக் கூட்டித் தரும். எதிரே வண்டி இல்லாதபோது அதைப் பயன்படுத்த வேண்டியதுதான். ஆனால் வளைவில் அந்த ஒளி நேரே மரங்களின்மீது விழுமே தவிரச் சாலையோடு திரும்பாது. மேலும், திடீரெனப் பேரொளி முகத்தில் அடித்தால் மான் ஓடாமல் அப்படியே உறைந்து நின்றுவிடக்கூடும். அப்போது லோ பீமுக்கு மாற்றி வேகத்தைக் குறைத்தால் அது விலகிப்போக வாய்ப்புண்டு.

இருட்டில் மானின் கண்கள் மின்னுவதற்குக் காரணம், விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பது. காட்டுப்பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. எனவே “கண் மின்னினால் பார்த்துக்கொள்ளலாம்” என்று இருப்பவருக்குப் பன்றிக் கூட்டம் பம்பருக்கு முன்னால் வந்தபின்தான் தெரியும். இரவில் யானையும் காட்டெருமையும்கூடத் தார்ச்சாலையின் நிறத்தோடு கலந்துவிடுகின்றன.

மான் திடீரென்று குறுக்கே பாய்ந்தால் ஸ்டியரிங்கை ஒடிக்கலாமா? (ஜெயநகர் வாசகி)

ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி பிரேக்கை முழுப் பலத்தோடு மிதியுங்கள். ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள வண்டியில் மிதி காலடியில் துடிப்பது இயல்பு. அதற்குப் பயந்து காலை எடுத்துவிடக் கூடாது. சட்டென்று ஒடித்தால் மரத்திலோ, பள்ளத்திலோ, எதிரே வரும் பேருந்திலோ மோத நேரிடும். அது மானின்மீது மோதுவதைவிட மோசமாக முடியும். காட்டெருமை வேறு கதை: ஆயிரம் கிலோ வரை எடையும் நீண்ட கால்களும் கொண்டது. கால்களை பம்பர் அடித்தால் உடல் பானெட்டின்மேல் சரிந்து முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வரலாம். கையால் சமாளித்துத் தப்பும் காரியமன்று அது. முன்கூட்டியே குறைத்த வேகம் ஒன்றே காப்பாற்றும்.

ஒரு மான் கடந்துபோனதும் “போயிற்று” என்று வேகமெடுக்காதீர்கள். அதன் பின்னால் வரும் இரண்டாவது, மூன்றாவது மான்களே பெரும்பாலும் அடிபடுகின்றன.

பம்பரில் ஒட்டும் “மான் விசில்” பயன் தருமா? (இந்திராநகர் வாசகர்)

தராது. காற்றில் ஒலித்து விலங்குகளை விரட்டும் என்று விற்கப்படும் அந்தக் கருவி விபத்துகளைக் குறைப்பதாக நம்பத்தக்க சான்று எதுவும் கிடையாது. அந்தப் பணத்தை வைப்பருக்கும் கண்ணாடிக்கும் செலவிடுங்கள்.

திம்பம் வழியாகப் பைக்கில் கோவைக்குப் போகிறேன். சாலையில் யானை நின்றால் என்ன செய்வது? (சிவாஜிநகர் வாசகர்)

முதலில் நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2022 பிப்ரவரியில் பண்ணாரி–திம்பம் சாலையில் இரவுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது. வண்டியின் வகையைப் பொறுத்து விதி மாறுவதால், கிளம்பும் முன்பே விசாரித்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி முடிப்பதாகத் திட்டமிடுங்கள்.

காரப்பள்ளம், ஆசனூர் பக்கம் கரும்பு லாரிகளை எதிர்பார்த்துச் சாலையிலேயே காத்திருக்கப் பழகிய யானைகள் உண்டு. ஓட்டுநர்கள் வீசிய கரும்பின் ருசியில் வந்த பழக்கம் அது. யானையைக் கண்டால் தொலைவிலேயே நின்று, ஹாரன் அடிக்காமல், இன்ஜினை முறுக்காமல் காத்திருங்கள். காதை விரித்துத் தலையைத் தூக்கினால் உடனே திரும்பி விலகிவிடுங்கள். திரும்புவதற்கு இடம் வேண்டும் என்பதால் முன்னால் நிற்கும் வண்டியை ஒட்டி நிறுத்தாதீர்கள். குட்டி கண்ணில் பட்டால் தாய் அருகில் இருக்கிறது என்று பொருள். இடையில் புகுந்து போகும் எண்ணமே வேண்டாம். பைக்கில் இருப்பவருக்கு வாய்ப்புள்ள ஒரே அரண், பின்னால் வரும் பேருந்துக்காகக் காத்திருந்து அதைத் தொடர்வது.

விலங்கு அடிபட்டுவிட்டால்? (கே.ஆர்.புரம் வாசகர்)

அபாய விளக்கைப் போட்டு வண்டியை ஓரம் கட்டுங்கள். அடிபட்ட விலங்கை நெருங்காதீர்கள். வலியில் துடிக்கும் காட்டுப்பன்றி மனிதனைக் கிழித்துவிடும். அருகிலுள்ள வனச் சோதனைச் சாவடிக்கோ 112-க்கோ தகவல் தாருங்கள். கர்நாடக எல்லைக்குள் என்றால் வனத்துறையின் 1926 உதவி எண்ணும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இறந்த வனவிலங்கு அரசின் உடைமை. இறைச்சியையோ கொம்பையோ எடுத்துச் செல்வது குற்றம். வண்டிச் சேதத்துக்கு முழுக் காப்பீடு இருந்தால் இழப்பீடு கோரலாம்; மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு அது கிடைக்காது.

நாங்கள் ஓசூர், அஞ்செட்டி வழியாகத்தான் ஊருக்குப் போகிறோம். அங்கே புலிகள் காப்பகம் இல்லையே? (பொம்மனஹள்ளி வாசகி)

காப்பகத்தின் பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் அது யானைக் காடுதான். தேன்கனிக்கோட்டை, தளி வட்டாரங்களில் யானைகள் வயல்களுக்கு வருவதும் சாலையைக் கடப்பதும் வழக்கம். இந்தப் பாதையில் இரவுக் கட்டுப்பாடு உண்டா என்று கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள். தடை இல்லாவிட்டாலும் எப்போது போவது என்பதை நீங்களே வகுத்துக்கொள்ள வேண்டும். மாலை 6 மணிக்கு மேல் ஆகிவிட்டால் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக நெடுஞ்சாலையிலேயே செல்லுங்கள். அங்கும் சூளகிரிப் பக்கம் யானைகள் சாலையைக் கடந்ததுண்டு என்பதால் எச்சரிக்கைப் பலகைகளைக் கவனித்தே ஓட்டுங்கள்.