லெவல் ஏறியும் அடி வாங்குவது ஏன்?

இந்த முறை தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த வீடியோ கேம் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: லெவல் இருக்கிறது, பலம் இல்லை. நான்கை எடுத்துக்கொள்கிறேன்.

போக்கிமான் எமரால்டில் பிளேஸிகன் என்ற போக்கிமான் என்னிடமும் அண்ணனிடமும் இருக்கிறது, இரண்டும் 50-ஆம் லெவல். ஆனால் எப்போதும் அவருடையதுதான் முதலில் அடிக்கிறது. என்னுடையதை ரேர் கேண்டி கொடுத்தே ஏற்றினேன்.
– பத்தாம் வகுப்பு மாணவர், ராயக்கோட்டை

தம்பி, கடைசி வரியில் நீயே பதிலையும் எழுதிவிட்டாய். ரேர் கேண்டி லெவலைத் தரும், சண்டை போட்ட பலனைத் தராது. 2002-இல் வந்த ரூபி, சஃபையர் தொடங்கி, எதிரியைத் தோற்கடிக்கும்போதெல்லாம் திரையில் காட்டாத புள்ளிகள் சேரும். ஈவி என்பார்கள். காட்டுப் போக்கிமான்களில் ஸிக்ஸாகூனை வீழ்த்தினால் வேகத்தில் 1, பூச்சியேனாவை வீழ்த்தினால் தாக்குதலில் 1. மொத்தம் 510 வரை சேரலாம். ஒரே ஸ்டாட்டில், அதாவது வேகம், தாக்குதல் போன்ற ஒரே திறன் அளவில், 252 போட்டால் 100-ஆம் லெவலில் 63 கூடும். உன் 50-ஆம் லெவலில் அதில் பாதி. அண்ணன் முந்துவதற்கு அதுவே போதும். பிறவியிலேயே வரும் ஐவி என்ற மறைபுள்ளிகளும் சுபாவமும் தனி. சுபாவம் ஒரு ஸ்டாட்டை 10 சதவீதம் ஏற்றி இன்னொன்றை அதே அளவு இறக்கும்.

இப்போதும் சரிசெய்யலாம். கார்போஸ் மருந்து 10 கொடுத்தால் வேகத்தில் 100 புள்ளி. மீதி 152-க்கு, கிடைக்கும் புள்ளியை இரட்டிப்பாக்கும் மாச்சோ பிரேஸை மாட்டிவிட்டு 76 ஸிக்ஸாகூன்களை அடி. அடுத்த லெவல் ஏறும்போது பலன் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: உங்கள் ஊர்த் தக்காளியை நினைவூட்டும் டமாட்டோ பெர்ரி எமரால்டில் உண்டு. பாசம் கூடும் என்று அதை ஊட்டிவிடாதே. வேகத்தில் 10 புள்ளி போய்விடும்.

ஃபைனல் ஃபேன்டஸி 6-இல் தப்பிக்கும் திறனை ஏற்றும் பொருள்களையே மாட்டியும் அடி விழுகிறதே?
– பென்னாகரம்

1994-இல் வந்த சூப்பர் நின்டெண்டோ பதிப்பில் அந்த ஸ்டாட் வேலையே செய்யாது. அது புரோகிராமில் உள்ள பிழை. நேரடி அடியிலிருந்து தப்புவதற்கும், மந்திரத்தைத் தடுக்கும் மேஜிக் பிளாக் ஸ்டாட்தான் கணக்கு, அதை ஏற்றுங்கள். கேம்பாய் அட்வான்ஸ் பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள்.

ஃபயர் எம்பளம், தி பிளேஸிங் பிளேட். ஸ்டீல் வாள் வாங்கிக் கொடுத்த பிறகு என் வீரன் சொதப்புகிறான். மூத்த வீரர் மார்க்கஸை மட்டும் வைத்தே ஆடலாமா?
– அரூர்

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. நோட்டில் பேனாவால் போட்டுப் பாருங்கள். உங்கள் வீரனுக்கு பலம் 8, வேகம் 12, உடற்கட்டு 7 என்று வையுங்கள். எதிரிக்கு வேகம் 8, தற்காப்பு 5. இரும்பு வாளின் எடை 5, உடற்கட்டுக்குள் அடங்கிவிடுகிறது, வேகம் குறையாது. எதிரியைவிட 4 கூடுதல் என்பதால் இரண்டு முறை அடிப்பான். வாளின் தாக்கு 5. 8-ஐயும் 5-ஐயும் கூட்டி 5 கழித்தால் 8, இரண்டு அடிக்கு 16.

ஸ்டீல் வாளின் தாக்கு 8 என்பதைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். அதன் எடை 10. உடற்கட்டை 3 தாண்டுவதால் வேகம் 9 ஆகிவிடும். ஒரே அடி, 11. காசு கொடுத்து 5 புள்ளியை இழந்திருக்கிறீர்கள். எதிரிக்குத் தற்காப்பு அதிகமானால் கணக்கு மாறும், அதனால் இரண்டு வாளையும் பையில் வையுங்கள்.

மார்க்கஸ் ஏற்கெனவே பதவி உயர்ந்தவர், அவர் கொன்றால் கிடைக்கும் அனுபவம் சொற்பம். அவரை இடுக்கான வழியில் நிறுத்தி எதிரியைத் தடுக்க விடுங்கள், கடைசி அடியை இளையவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். செத்தவர் திரும்ப வராத கேம் இது. அதனால் அவரை ஒதுக்கவும் வேண்டாம்.

ஃபைனல் ஃபேன்டஸி 8. மூன்று வாரமாக லெவல் ஏற்றினேன். பெரிய எதிரியான பாஸ் முன்னைவிடக் கஷ்டமாகிவிட்டது!
– காவேரிப்பட்டணம்

1999-இல் வந்த இந்த கேமில் எதிரிகளின் லெவல் உங்கள் குழுவின் சராசரியோடு சேர்ந்தே ஏறும். பலம் வருவது ஸ்டாட்டோடு இணைக்கும் மந்திரத்திலிருந்து. குவெஸகோட்டல் என்ற துணைச் சக்தியின் கார்டு கட்டளையால் எதிரியைச் சீட்டாக மாற்றுங்கள். அனுபவம் ஏறாது, ஆனால் திறன் கற்க உதவும் ஏபி புள்ளி கிடைக்கும். அப்புறம் கடையில் 10 டென்ட் வாங்கி, சைரன் என்ற இன்னொரு துணைச் சக்தியின் உயிர்-மந்திரச் சுத்திகரிப்புத் திறனால் 100 கியூராகா என்ற குணமாக்கும் மந்திரமாக ஆக்கி, உயிர் அளவான ஹெச்பியில் இணையுங்கள். ஒருவருக்கு 10 டென்ட், மூன்று பேருக்கு 30.