அறுபது பேருக்கு வணக்கம், இரண்டு பேர் பதில்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 44. பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் 14 ஆண்டுகளாக சில்லர் (பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் இயந்திரம்) டெக்னீஷியன். சூப்பர்வைசர் வேலைக்குப் போக ஆசை. பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள்தான் வேலைத் தொடர்புகளுக்கான இணையதளமான லிங்க்ட்இன்னில் கணக்கு திறந்து கொடுத்தாள். மூன்று மாதத்தில் 60 பேருக்குச் செய்தி அனுப்பினேன், இரண்டே பேர் பதில் போட்டார்கள், அதுவும் 'நோட்டட்' என்று ஒரே சொல். செய்தியை இணைத்திருக்கிறேன். எங்கே தப்பு?
– வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: படித்தேன் தம்பி. "வணக்கம் ஐயா, தகுந்த வேலை இருந்தால் தயவுசெய்து உதவவும்." அறுபது பேருக்கும் இதே வரி! காலையில் எம்ஆர்டி ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் போனைத் தள்ளிக்கொண்டிருக்கும் மனிதர் இதைப் பார்த்து என்ன செய்வார்? உங்கள் பக்கத்துக்குப் போய், என்ன வேலை பொருந்தும் என்று யோசித்து, அது எங்கே இருக்கிறதென்று தேடி... நானாக இருந்தாலும் நகர்ந்துவிடுவேன். வேலை கேட்காதீர்கள், இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். "மருத்துவமனை சில்லர் பிளான்ட்டில் சூப்பர்வைசர் ஆக உங்கள் பக்கம் எந்தச் சான்றிதழை முதலில் பார்ப்பார்கள்?" இதற்குப் பதில் வரும். பதில் சொன்னவருக்கு உங்கள் முகமும் ஞாபகம் இருக்கும்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. முன்பின் தெரியாத மேனேஜர்களை விடுங்கள். காப்பிக் கடையில் தினமும் கூட உட்காரும் நண்பர்களுக்கோ நீங்கள் அறிந்த வேலைகள்தான் தெரியும். நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது: ஐந்து வருடம் முன்பு வேறு கம்பெனிக்குப் போனவர், உதிரிபாகம் விற்க வந்த சேல்ஸ்மேன், ஏதோ பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர். வேலைச் செய்தி இவர்களிடமிருந்துதான் வரும் என்று மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973இலேயே எழுதிவிட்டார். 2022இல் லிங்க்ட்இன்னில் ஏறத்தாழ 2 கோடிப் பேரை வைத்து நடந்த ஆய்விலும், ரொம்ப நெருக்கமும் இல்லாத, சுத்தமாக அந்நியமும் இல்லாத அறிமுகங்களே அதிகம் கைகொடுத்தன.

அப்புறம் உங்கள் பெயருக்குக் கீழே வெறும் 'டெக்னீஷியன்' என்றிருக்கிறதே, அந்த இடத்தில் 220 எழுத்து வரை போடலாம். எந்தச் சில்லர், எந்தமாதிரிக் கட்டடம், எத்தனை ஆண்டு என்று எழுதுங்கள். கடிதத்தில் எனக்கு ஒரு கதை சொன்னீர்களே, நள்ளிரவில் சில்லர் 'ஹை பிரஷர்' காட்டி நின்றுபோனதும், கண்டென்சர் குழாய்க்குள் படிந்திருந்த உப்பைச் சுத்தம் செய்து, விடிந்து ஆபீஸ் திறப்பதற்குள் ஓடவிட்டதும், அதை ஏன் உங்கள் பக்கத்தில் போடவில்லை? நாலு வரி போதும், எழுத்துப்பிழையை மகள் பார்த்துக்கொள்வாள். வாடிக்கையாளரின் பிளான்ட் ரூமைப் படம் பிடித்து மட்டும் போட்டுவிடாதீர்கள், இருக்கிற வேலையும் போய்விடும்.

கேள்வி: லிங்க்ட்இன்னில் என் படத்தைச் சுற்றி, வேலை தேடுகிறேன் என்று காட்டும் அந்தப் பச்சை வளையம் போடலாமா? பாஸ் பார்த்துவிட்டால்?
– வாசகி, பொங்கோல்

பதில்: வளையம் போட்டால் எல்லோருக்கும் தெரியும், பாஸ் உட்பட. ஆள் எடுப்பவர்களுக்கு மட்டும் காட்டும் அமைப்பும் உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் கம்பெனி ஆட்களிடமிருந்து மறைக்க முயல்கிறோம், முழு உத்தரவாதம் இல்லை என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. நம் ஊரோ சின்ன ஊர். நான் ஒருமுறை ரகசியமாக ஓர் இன்டர்வியூவுக்குப் போய்வந்தேன், மறுநாள் சாப்பாட்டு நேரத்திலேயே "போறீங்களாமே" என்று கேட்டுவிட்டார்கள்.

கேள்வி: லிங்க்ட்இன்னில் வந்த ஒரு 'ஏஜென்ட்' டெலிகிராமுக்கு வரச் சொல்லி, 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பதிவுக் கட்டணம் கேட்கிறார்.
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: கட்டாதீர்கள். உரிமம் பெற்ற முகவர்களின் பட்டியல் மனிதவள அமைச்சின் தளத்தில் இருக்கிறது, பெயரைத் தேடுங்கள். சந்தேகமென்றால் மோசடி பற்றிக் கேட்கும் உதவி எண்ணான 1799க்கு அடியுங்கள். ஏற்கெனவே கட்டியாகிவிட்டது என்றால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் வங்கிக்கு அழையுங்கள்.