ஷேடோ டீச்சர் நாற்காலியை எங்கே போடுவது?

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பில் துணையாக இருப்பவர்களிடமிருந்தும் (இவர்களைத்தான் ஷேடோ டீச்சர் என்கிறோம்) பெற்றோரிடமிருந்தும் வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்திருக்கிறோம். ஷேடோ டீச்சர்களுக்குப் பயிற்சி தரும் சிறப்பாசிரியர்கள் பதில் சொல்கிறார்கள்.

பி.காம். முடித்திருக்கிறேன். பக்கத்தில் உள்ள தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பையனுக்கு ஷேடோ டீச்சராக வரச் சொல்கிறார்கள். இதற்கென்று படிப்பு வேண்டாமா?
— வாசகி, தாம்பரம்

சிறப்பாசிரியர் என்று சொல்லிக்கொண்டு வேலை பார்க்க, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். ஷேடோ டீச்சர் வேலையில் பெரும்பாலும் அப்படிக் கேட்பதில்லை. பட்டம் படித்த யாரையும் உட்கார வைத்துவிடுகிறார்கள். அதனாலேயே உங்களுக்கு மேலே ஒரு சிறப்பாசிரியர் இருக்கிறாரா என்பதை முதலில் கேளுங்கள். திட்டம் போடுவது அவர் வேலை, அதை வகுப்பில் நடத்துவது உங்கள் வேலை. அப்படி யாருமே இல்லாமல் "நீங்களே பார்த்துக்குங்க" என்றால் யோசித்துச் சேருங்கள். வேலை பிடித்துப்போய்ப் படிக்க நினைத்தால், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. கவுன்சில் அங்கீகரித்த படிப்புகளை அங்கே விசாரிக்கலாம்.

சம்பளம் தருவது பள்ளியா, பெற்றோரா? பிள்ளை லீவு போட்டால் அன்றைய சம்பளம் என்ன ஆகும்? இரண்டையும் சேருமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் இங்கேதான்.

பிள்ளையின் அம்மாவிடம் கேட்க வேண்டியவை வேறு. வலிப்பு வந்திருக்கிறதா, மருந்து உண்டா, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, சாக்பீஸ், மண் மாதிரி எதையாவது வாயில் போடுவானா, திறந்த கேட்டைக் கண்டால் ஓடுவானா என்று கேளுங்கள். வீட்டில் சிறுநீருக்கு என்ன சொல்வார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். ஒரு வீட்டில் "மூச்சா", இன்னொரு வீட்டில் "ஒண்ணுக்கு", வேறொரு வீட்டில் "சூச்சூ". நீங்கள் "டாய்லெட் போகணுமா?" என்று பத்து முறை கேட்டும் பதில் வராமல் டிரவுசர் நனைந்துபோவது பல நேரம் இதனால்தான்.

முதல் வாரம் பாடத்தில் கை வைக்க வேண்டாம். எந்தப் பீரியடில் அமைதியாக இருக்கிறான், எப்போது எழுந்து ஓடுகிறான், என்ன கொடுத்தால் முகம் மலர்கிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள்.

மூன்றாம் வகுப்புச் சிறுமியோடு ஒரு வருடமாக இருக்கிறேன். நான் பக்கத்தில் இருந்தால் முழுப் பக்கமும் எழுதுகிறாள். பாத்ரூம் போய்விட்டு வந்தால் பென்சில் கீழே கிடக்கிறது. நான் லீவு போட்ட நாளில் அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.
— ஷேடோ டீச்சர், கோவை

அவளுக்கு எழுதத் தெரிகிறது. எப்போது தொடங்க வேண்டும் என்பதை மட்டும் உங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறாள். இதை ப்ராம்ப்ட்டுக்கு, அதாவது செய்யத் தூண்டும் உதவிக்கு, பழகிப்போவது என்போம். இந்த வேலையில் அதிகம் நடக்கும் கோளாறு இதுதான். பிள்ளை நன்றாகச் செய்வதுபோலத் தெரிவதால் யாரும் இதைக் கோளாறாக நினைப்பதும் இல்லை.

முதலில் உங்களையே கவனியுங்கள். மிஸ் போர்டில் தேதி எழுதுகிறார். உங்கள் கை அவள் நோட்டை நோக்கி இரண்டு அங்குலம் நகர்கிறது. அவள் பென்சிலை எடுக்கிறாள். நீங்கள் நோட்டைப் பார்த்தீர்கள், அவள் எழுதினாள். "ம்" என்றீர்கள், அடுத்த வரிக்குப் போனாள். நீங்கள் கொடுத்ததாகவே நினைக்காத உதவிகள் இவை. வகுப்பில் யாரையாவது பத்து நிமிடம் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். உங்களை மட்டும் எடுத்தால் போதும், பிள்ளைகள் முகம் வேண்டாம். பார்த்தால் உங்களுக்கே புரியும்.

குறைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. புதிதாகக் கற்றுக்கொடுக்கும் வேலையில் முழு உதவியில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். கைபிடித்துச் சொல்லித்தருவது என்றால் பின்னாலிருந்து மணிக்கட்டு, அடுத்து முழங்கை, அடுத்து தோளில் லேசான தொடுதல், பிறகு எதுவும் இல்லை. கையை இழுத்துக்கொண்டால் உடனே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே தெரிந்த வேலைக்கு வரிசை தலைகீழ். உங்கள் சிறுமிக்கு வேண்டியது இதுதான். முதலில் எதுவும் செய்யாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நகரவில்லையா, போர்டை நோக்கி விரல் காட்டுங்கள். மறுபடி பத்து. அதற்கும் நகராவிட்டால்தான் தொடுதல். பத்து எண்ணுவது நீளமாகத் தோன்றும். மூன்றிலேயே வாய் திறக்கத் துடிக்கும். ஆனால் பல பிள்ளைகளுக்குக் காதில் விழுந்தது செயலாக மாற அவ்வளவு நேரம் தேவைப்படுகிறது. நடுவில் மறுபடி சொன்னால் அவர்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வாய்ச்சொல்லைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். கை உதவியைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். பேச்சைக் குறைப்பது கஷ்டம். "எழுது" என்பதில் பாதியை எப்படிச் சொல்வது? அதற்குப் பதில் மேசை ஓரத்தில் ஒரு பட்டை ஒட்டுங்கள். நோட்டை எடு, தேதி எழுது, போர்டைப் பார்த்து எழுது, மிஸ்ஸிடம் காட்டு, பையில் வை என ஐந்து சிறிய படங்கள். தீப்பெட்டி அளவு போதும். லேமினேட் செய்து பின்னால் வெல்க்ரோ ஒட்டினால், முடித்த படத்தை அவளே கழற்றி டப்பாவில் போடலாம். அவள் தயங்கினால் நீங்கள் பட்டையைக் காட்டுங்கள், நோட்டைக் காட்டாதீர்கள். நாளைக்கு நீங்கள் இல்லாவிட்டாலும் பட்டை அங்கேதான் இருக்கும்.

கிளாஸ் டீச்சர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லாதீர்கள். "மிஸ் என்ன சொன்னாங்க?" என்று கேட்பதும் உதவிதான். அவள் பெயரைச் சொல்லி மிஸ்ஸே ஒருமுறை சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பல வகுப்புகளில் ஷேடோ டீச்சர் வந்ததும் கிளாஸ் டீச்சர் அந்தப் பிள்ளையிடம் பேசுவதையே நிறுத்திவிடுகிறார். அவள் யாருடைய மாணவி என்பதைத் தலைமையாசிரியர் முன்னிலையில் பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

இனி நாற்காலி. இப்போது அவளுக்குப் பக்கத்தில், முகம் தெரியும்படி இருப்பீர்கள். அதைப் பக்கவாட்டில் ஒரு முழம் பின்னால் தள்ளுங்கள். பட்டையிலுள்ள ஒவ்வொரு வேலைக்கும் தானாகச் செய்தால் "தா", சைகைக்கு "சை", சொல்லுக்கு "சொ", தொடுதலுக்கு "தொ" என்று குறியுங்கள். தொடர்ந்து மூன்று நாள் "தா" விழுந்த பிறகு பின் பெஞ்சுக்கு, அப்புறம் வகுப்பின் கடைசிக்கு, அப்புறம் வாசலுக்கு வெளியே ஐந்து நிமிடம். ஓரிடத்தில் தடுமாறினால் ஒரு படி முன்னால் வாருங்கள், பழைய இடத்துக்கே போய்விடாதீர்கள். நடுவில் இருக்கும் நேரத்தில் மற்ற பிள்ளைகளின் நோட்டையும் பாருங்கள். நீங்கள் அவளுக்கு மட்டும் சொந்தம் என்று வகுப்பு நினைக்காமல் இருந்தால்தான் பக்கத்துச் சீட்டுப் பெண் அவளோடு பேசுவாள்.

இதற்கு ஒரு விலை உண்டு. கொஞ்ச நாள் நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருக்கும். வீட்டிலிருந்து போன் வரும். அதற்குப் பயந்துதான் பலர் பிள்ளையின் கையெழுத்திலேயே எழுதிப் பக்கத்தை நிரப்புகிறார்கள். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவளே எழுதிய வரிகளுக்கு ஓரத்தில் ஒரு பச்சைக்கோடு போட்டு அனுப்புங்கள்.

அசெம்ப்ளி பெல் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுகிறான். தலையை மோதிக்கொள்கிறான். டீச்சர் "பிடிவாதம், கண்டுக்காதீங்க" என்கிறார். எதை நம்புவது?
— பள்ளி உதவியாளர், மதுரை

பிடிவாதம் பிடிக்கும் பிள்ளை நடுநடுவே உங்கள் முகத்தைப் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிற்கும். நீங்கள் சொல்வது மெல்ட்டவுன், அதாவது தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழப்பது. பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும் நடக்கும், பெல் நின்ற பிறகும் தொடரும். ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றைத் தாங்கமுடியாமை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டிலேயே இருக்கிறது. டீச்சரிடம் அதைச் சொல்லுங்கள்.

பெல்லுக்கு ஐந்து நிமிடம் முன்பும் ஒரு நிமிடம் முன்பும் பெல் படத்தைக் காட்டுங்கள். பெல்லிலிருந்தும் ஸ்பீக்கரிலிருந்தும் எட்ட இருக்கும் மூலையில், வரிசையின் கடைசியில் நிறுத்துங்கள். காதை மூடும் ஹெட்போனை அந்த நேரத்துக்கு மட்டும் கொடுங்கள். நாள் முழுக்கப் போட்டிருந்தால் சின்னச் சத்தமும் தாங்க முடியாமல் போகும். முதல் சில வாரம் கடைசிப் பாட்டுக்கு மட்டும் வந்தால் போதும் என்று அனுமதி வாங்குங்கள்.

தொடங்கிவிட்டால் பேச்சை நிறுத்துங்கள். அவனைத் தூக்கிப் போகாமல் சுற்றியிருக்கும் பிள்ளைகளை நகர்த்துங்கள். தலைக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஸ்கூல் பேக் அல்லது மடித்த துண்டு வையுங்கள். குப்புறப் படுக்கவைத்து அழுத்தவோ, மேலே உட்காரவோ கூடாது. மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. அடங்கிய பிறகும் அரைமணி நேரம் வரை உடம்பு தளர்ந்திருக்கும். அப்போது "ஏன்டா அப்படிப் பண்ணினே" என்று விசாரிப்பதும், விட்ட கணக்கைப் போடச் சொல்வதும் அடுத்த மெல்ட்டவுனுக்கு வழி.

முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் நாம் என்ன செய்தோம் என்று பக்கத்தை மூன்றாகப் பிரித்து ஒரு வாரம் எழுதுங்கள். திங்கட்கிழமை மட்டும் வருகிறதா, காலைச் சாப்பாடு இல்லாத நாளிலா என்று தெரிந்துவிடும். திடீரென்று புதிதாகத் தலையை மோத ஆரம்பித்திருந்தால் பெல்லை விட்டுவிட்டு, காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு வலி இப்படித்தான் வெளியே வரும்.

தண்ணீர் வேண்டுமென்றால் "தண்ணி வேணுமா?" என்கிறாள். படக்கார்டு கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்று பாட்டி பயப்படுகிறார்.
— வாசகி, திருச்சி

அவள் கேட்டதை அப்படியே வைத்திருக்கிறாள். தண்ணீர் வரும்போதெல்லாம் உங்களிடமிருந்து வந்த சொல் அதுதான். ஆட்டிசத்தை விவரித்து மனநல மருத்துவர் லியோ கேனர் 1943இல் எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது. நீங்கள் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, அவள் சொல்ல வேண்டியதை அவள் பக்கத்திலிருந்து சொல்லுங்கள். டம்ளரைக் கையில் எடுத்து "தண்ணி வேணும்" என்று சொல்லி, உடனே கொடுங்கள். திருப்பிச் சொன்னால்தான் தருவேன் என்று பிடித்துவைக்க வேண்டாம்.

கார்டு பேச்சைத் தடுக்காது, பாட்டிக்குத் தைரியம் சொல்லுங்கள். கார்டை எடுத்துக் கையில் கொடுக்கப் பழக்கும்போது முதலில் இரண்டு பேர் வேண்டும். எதிரில் இருப்பவர் பொருளை வைத்திருப்பார். பின்னால் இருப்பவர் அவள் கையைக் கார்டுக்குக் கொண்டுபோவார், வாயே திறக்கக் கூடாது. படத்தைத் தொட்டால் அதற்கான சொல்லைப் பேசும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழும் உண்டு. டேப்லெட் கொடுத்திருந்தால் "உடைஞ்சுடும்" என்று இடைவேளையில் பீரோவில் பூட்டாதீர்கள். பேச அதிகம் தேவைப்படும் நேரம் அதுதான்.

பரீட்சைக்கு என்ன சலுகை?
— தந்தை, வேலூர்

மத்திய அரசின் நெறிமுறைப்படி, ஊனச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும், தேவைப்பட்டால் சொல்வதை எழுத ஆளும் உண்டு. பொதுத் தேர்வுக்கு விண்ணப்பம் முன்கூட்டியே போக வேண்டும், ஒன்பதாம் வகுப்பிலேயே பள்ளியில் கேளுங்கள். எழுத வருபவரோடு பழகாமல் நேரே தேர்வறையில் உட்கார்ந்தால் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. மாதத் தேர்வுகளிலேயே பழக்குங்கள்.

வலிப்பு வந்தால் ஆயாம்மா சாவிக்கொத்தைக் கையில் திணிக்கிறார். சரியா?
— ஷேடோ டீச்சர், சேலம்

வேண்டாம். வாயில் ஸ்பூன், முகத்தில் தண்ணீர், எதுவும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்துப் பட்டனையும் டையையும் தளர்த்துங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு வருவதற்குள் மறுபடி வந்தாலோ, இதற்குமுன் வந்ததே இல்லை என்றாலோ 108.

கடிக்கிறான், முடியைப் பிடித்து இழுக்கிறான். வலியில் நானும் கத்திவிடுகிறேன்.
— பெயர் வேண்டாம், சென்னை

கடித்த கையை வெளியே இழுத்தால்தான் தோல் கிழியும். கையை அவன் வாய்ப்பக்கமாக லேசாகத் தள்ளிக்கொடுங்கள், தாடை திறக்கும். மூக்கைப் பிடிக்காதீர்கள். முடியைப் பிடித்தால் அவன் கைமேல் உங்கள் கையை வைத்துத் தலையோடு அழுத்திக்கொள்ளுங்கள். வேர் இழுபடாது. அப்படியே அவன் இழுக்கும் பக்கம் நீங்களும் நகர்ந்து, பிடி தளரும்வரை காத்திருங்கள். கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். ஜிமிக்கி, செயின், ஐ.டி. கார்டு கயிறு மூன்றும் வகுப்பில் வேண்டாம்.

தோல் கிழிந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுச் சில நிமிடம் கழுவி, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள், டி.டி. ஊசி தேவையா என்று கேளுங்கள். பள்ளியின் பதிவேட்டில் நேரத்தோடு எழுதுங்கள். "சின்னப் பையன்தானே" என்று எழுதாமல் விட்டால், நாளைக்கு அவன் கையில் நகக்கீறல் இருக்கும்போது உங்கள் தரப்பைச் சொல்ல எதுவும் இருக்காது. எந்த வேலையை நீட்டியபோது கடித்தான் என்பதும் அந்த வரியில் இருக்கட்டும். "வேண்டாம்" என்பதற்கு அவனிடம் ஒரு கார்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நாளைக் காலையே ஒன்று செய்து, அவன் காட்டியவுடன் அந்த வேலையை நிஜமாகவே ஒரு நிமிடம் எடுத்து வையுங்கள்.