கிரந்த ஏட்டில் பூதசுத்தி: எந்த நூல் என்று கண்டுபிடிப்பது எப்படி?

வணக்கம். கிரந்த எழுத்து ஏடு, தலைப்பு ஏடு இல்லை, ஐந்து பூதங்கள் பற்றி வருகிறது, அதனால் மருத்துவ நூலோ என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிலத்துக்குச் சதுரம், நீருக்குப் பிறை, தீக்கு முக்கோணம், காற்றுக்கு அறுகோணம் என்று போய், அப்புறம் உடலை அஸ்திர மந்திரத் (ஆயுதமாகக் கருதப்படும் மந்திரம்) தீயால் எரித்து அமுதத்தால் நனைப்பதாக வந்தால் அது பூதசுத்திதான், பூஜைக்கு முன் உடலைத் தூய்மையாக்கச் செய்யும் சடங்கு. எரிப்பதெல்லாம் பாவனையில்தான், பயப்பட வேண்டாம்!

சரி, எந்த நூல்? பகுதி முடிகிற இடத்தில் 'இதி' ('இவ்வாறு' என்று பொருள்) என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள், பெயர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கிடைக்காவிட்டால் 11ஆம் நூற்றாண்டு சோமசம்பு பத்ததியோடு (பத்ததி என்றால் சடங்கு செய்முறை நூல்) ஒப்பிடுங்கள், பிற்காலப் பத்ததிகள் பலவும் அதையொட்டிப் போகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் சைவ ஆகம ஏடுகளின் தேவநாகரிப் படிகள் நிறைய உண்டு, அந்தச் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தவை.

நடுவில் மலம் (ஆன்மாவை மறைக்கும் அழுக்கு) என்பது ஒரு திரவியம், அதாவது ஒரு பொருள், கண்ணில் படலம் போல, அறிவால் மட்டும் போகாது, தீட்சை வேண்டும் என்று வாதம் வந்தால் குழம்பாதீர்கள், சைவ சித்தாந்தம் சடங்குக்குச் சொல்லும் காரணமே அதுதான். ஏட்டின் இடது ஓர எண்களும் தெரிகிற மாதிரி படம் போடுங்கள், வரிசை மாறியிருக்கலாம்.